சாம்பிள் கட்டை ஒன்று கையில் இருக்கட்டும்!



பட்டுப்புடவை பார்த்து எடுப்பது எப்படி, புளி மிளகாய் வாங்கி வைப்பது எப்படி என்றெல்லாம் தோழிகள் இந்தப் பகுதியில் எழுதியதைப் படித்துப் பயன் அடைந்தவள் நான். இன்று நான் எழுதுவது, குழந்தைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் பிளாக் பற்றி. "இதிலே எழுத என்ன இருக்கு?" என்று நினைக்காதீர்கள். எழுநூறு ரூபாய் கொடுத்துப் படித்த பாடம் இது. அந்தக் காசுக்கு ஒரு மாதம் எங்கள் வீட்டுக்குப் பால் வாங்கலாம்.

எங்கள் வீடு ஒரகடத்தில் இருந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. என் கணவர் கார் கம்பெனிகளுக்கு பிளாஸ்டிக் சாமான் செய்து கொடுக்கும் ஒரு மோல்டிங் யூனிட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நான் பிளஸ் டூ படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் செல்போன் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றவள். இப்போது வீட்டோடு இருக்கிறேன். அக்கம்பக்கத்தாருக்குப் புடவை ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பதில் கொஞ்சம் கைச்செலவுக்கு வரும்.

மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடம் முன்பு சிங்கப்பூரில் இருந்து வந்த என் தம்பி அவனுக்கு ஒரு சின்ன லெகோ பெட்டி வாங்கி வந்தான். அன்று முதல் பையனுக்கு அதுவே உலகம். வீடு கட்டுவான், பிரிப்பான், லாரி செய்வான், மறுபடி பிரிப்பான். "அம்மா, இன்னும் கொஞ்சம் பிளாக் இருந்தா பாலம் கட்டிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். புதுப் பெட்டி விலை கேட்டால் தலை சுற்றும். வெளிநாட்டில் இருந்து வரும் பொம்மைக்கு இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாக ஏறியது. 2023-இல் அது 70 சதவீதம் ஆயிற்று. நம் போன்றவர்கள் பழையது வாங்குவதைத் தவிர வேறு வழி என்ன?

போன வருடம் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில், "பில்டிங் பிளாக்ஸ், ஒரு பை நிறைய, 700 ரூபாய்" என்று போட்டோ வந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், மேலே வரிசையாகக் குமிழ். அசல் என் பையன் வைத்திருப்பது மாதிரியே இருந்தது. பணத்தை அனுப்பிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பையை வாங்கி வந்தேன். வீட்டில் கொட்டிப் பார்த்தால், ஒவ்வொரு கட்டையும் சோப்புக்கட்டி அளவு! போட்டோவில் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி இருந்திருந்தால்கூட அளவு தெரிந்திருக்கும். பையனுடைய கட்டையோடு ஒன்றுகூடச் சேரவில்லை. அவன் இரண்டு மூன்றை வைத்து அழுத்திப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா" என்றான். அழுது அடம்பிடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கொடுத்தவரைக் கேட்டதற்கு, "பிளாக்னுதானே போட்டேன்" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதிலும் பொய் இல்லையே!

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் அந்தப் பையைப் பார்த்தார். திட்டவில்லை. "ஒரு போல்ட்டு வாங்கப் போனாக்கூடப் பழைய நட்டைக் கையிலே எடுத்துட்டுப் போவோம். நீ வெறுங்கையோட போயிருக்கே" என்றார். எனக்குச் சுரீர் என்றது. ஏனென்றால் அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் லைனில் நின்றபோது மேஜையில் எப்போதும் ஒரு பீஸ் தனியாக வைத்திருப்பார்கள். கோல்டன் சாம்பிள் என்பார்கள். வருகிற பீஸ் சரியா தப்பா என்று சந்தேகம் வந்தால் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும், வாயால் வாதாடக் கூடாது. இரண்டு வருடம் செய்த வேலையை, வீட்டுக்குள் வந்ததும் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

பாலிடெக்னிக் படிக்கும் நாத்தனார் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அவன்தான், "அத்தை, இதுக்குப் பெரிய கதையே இருக்கு" என்று தேடிப் படித்துச் சொன்னான். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தாராம். அந்தக் கம்பெனிதான் லெகோ. முதல் பிளாஸ்டிக் கட்டை 1949-இல் வந்தது. அதுவும் முழுக்கச் சொந்த யோசனை இல்லை. இங்கிலாந்தின் கிட்டிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்தது. அப்போது அடிப்பக்கம் வெறும் கூடாக இருந்ததால் அடுக்கினால் சரியாக நிற்காதாம். 1958 ஜனவரி 28-ஆம் தேதி, அடியில் குழல் வைத்த கட்டைக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார்கள். மேல் கட்டையின் குழலும் சுவரும், கீழ்க் கட்டையின் குமிழை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இத்தனை வருடமாகியும் பிடிப்பு அந்த முறைதான். அளவும் மாறவில்லை. அதனால் 1958-க்குப் பின் செய்த கட்டையும் நேற்றுச் செய்த கட்டையும் ஒன்றோடொன்று சேரும்.

காப்புரிமை என்றைக்கும் நிலைப்பது இல்லை அல்லவா? அதன் காலம் முடிந்ததும் பல நாட்டுக் கம்பெனிகள் அதே அளவில் செய்ய ஆரம்பித்தன. லெகோ வழக்குப் போட்டது. கனடா உச்ச நீதிமன்றம் 2005-இலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இலும், கட்டையின் வடிவம் அது வேலை செய்யும் முறையைச் சேர்ந்தது, அதை ஒரு கம்பெனி மட்டும் வர்த்தக முத்திரையாக வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டன. எனவே தோழியரே, வேறு பெயர் போட்டிருந்தால் சேராது என்று நினைப்பதும் தப்பு. பார்க்க ஒரே மாதிரி இருந்தால் சேர்ந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. அளவும் பிடிப்பும்தான் பேச வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்த இரண்டாவது வாய்ப்பு வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பித்ததில் இருந்து எங்கள் பக்கம் கொரியாக்காரர்கள் குடும்பத்தோடு வருவதும் போவதும் வழக்கமாகிவிட்டது. வேலைக்காலம் முடிந்து ஊர் திரும்பும்போது தட்டுமுட்டுச் சாமானை விற்றுவிட்டுப் போவார்கள். எதிர்வீட்டு அக்கா அப்படி ஒரு வீட்டில் வேலை செய்கிறார். ஒருநாள் சாயங்காலம் வந்து, "ஏம்மா, எங்க மேடம் அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பறாங்க. உன் புள்ள வச்சு விளையாடறானே, அது மாதிரி ஒரு பெரிய டப்பா நிறைய இருக்கு. ஆயிரத்து ஐநூறு கேக்கறாங்க. ஆனா அதுல ஏதோ வேற பேரு போட்டிருக்கு" என்றார்.

எனக்குப் பயம்தான். முதல் எழுநூறு போன காயம் ஆறவில்லை. என் டப்பாவில் தையல் காசு சரியாக ஆயிரம் இருந்தது. பையனிடம் ஒன்றும் சொல்லாமல், அவன் பெட்டியில் இருந்து எட்டுக் குமிழ் கட்டைகள் நான்கும், மெல்லிய தட்டுக் கட்டை மூன்றும் எடுத்துத் தையல் டேப்போடு பர்ஸில் போட்டுக்கொண்டு அக்காவுடன் ஸ்ரீபெரும்புதூர் கிளம்பினேன்.

டப்பாவைத் திறந்ததும் முதலில் குமிழைப் பார்த்தேன். லெகோ என்றால் ஒவ்வொரு குமிழ் மேலும் அந்தப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். இதில் பல கட்டைகளில் ஆக்ஸ்ஃபோர்ட் என்று ஆங்கிலத்தில் இருந்தது. தென்கொரியாவில் பூசான் நகரத்துக் கம்பெனி அது என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அந்தப் பெயரே புதிது. பரவாயில்லை, சாம்பிள் கையில் இருக்கிறதே!

இரண்டாவது, அளவு. தையல் தெரிந்த தோழியருக்கு இது சுலபம். நாலு குமிழ் இரண்டு வரிசையாக உள்ள கட்டை, நீளம் ஒன்றேகால் இஞ்ச், அகலம் அரையே அரைக்கால் இஞ்ச் இருக்கும். சென்டிமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 3.2-க்கு 1.6. குமிழ் நடுவில் இருந்து அடுத்த குமிழ் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். உயரம், மேல் குமிழை விட்டுவிட்டு, 9.6 மில்லிமீட்டர். மெல்லிய தட்டு மூன்றை அடுக்கினால் ஒரு கட்டை உயரம் வர வேண்டும். அந்த வீட்டுக் கட்டை டேப்பில் சரியாக வந்தது.

ஆனால் டேப்பை மட்டும் நம்பக் கூடாது என்று கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். இந்தக் கட்டைகள் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் செய்வது. லெகோ 1963-இல் அதற்கு மாறியது. காருக்குள் இருக்கும் பல பாகங்களும் அதே பிளாஸ்டிக்தானாம். உருகி அச்சில் போய் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அச்சு தேய்ந்திருந்தாலோ, சுருக்கத்துக்குக் கணக்குப் போடாமல் செய்திருந்தாலோ, தலைமுடி கனம் வித்தியாசம் வந்துவிடும். டேப்பில் அது தெரியாது. "ஒரு கட்டையிலே தெரியாத பிசகு, பத்துக் கட்டையை வரிசையா வச்சா தெரிஞ்சுடும்" என்றார். ஒரு கட்டைக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால், பத்துக்கு ஒரு முழு மில்லிமீட்டர் ஆகிவிடும் அல்லவா?

அதனால் மூன்றாவதாக, அவர்கள் கட்டை நாலை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, என் கட்டை நாலையும் அடுக்கிப் பக்கத்தில் நிறுத்தினேன். தலைமட்டம் சமமாக இருந்தது. பிறகு இரண்டு அடுக்கையும் ஒட்டினாற்போல் வைத்து, மேலே குறுக்காக ஒரு நீளக் கட்டையைப் போட்டு அழுத்தினேன். ஒரு பக்கம் தூக்காமல் படிந்து உட்கார்ந்தது.

நான்காவது, பிடிப்பு. என் கட்டை மேல் அவர்கள் கட்டை, அவர்கள் கட்டை மேல் என் கட்டை, இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விதத்தில் சேர்ந்து மறு விதத்தில் சேராததும் உண்டு. 'டக்' என்று உட்கார வேண்டும். மேல் கட்டையை மட்டும் பிடித்துத் தூக்கி லேசாக உதறினால் கீழ்க் கட்டை விழக் கூடாது. அதே சமயம் குழந்தை கையால் பிரிக்கவும் வர வேண்டும். பல்லால் கடித்துப் பிரிக்கிற இறுக்கமும் கூடாது.

ஐந்தாவதுதான் முக்கியம். தக்காளிக் கூடையில் நல்லது மேலே இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? டப்பாவின் அடி, நடு, மூலை என்று கைவிட்டு, நிறத்துக்கு நாலாக இருபது கட்டை எடுத்தேன். பதினான்கு நன்றாகச் சேர்ந்தன. நாலில் பெயர் எதுவும் இல்லை. உட்கார்ந்தன, ஆனால் தூக்கினால் பொத்தென்று விழுந்தன. மீதி இரண்டு பொடிக்கட்டை, ஒரு குமிழுக்கு நாலு மில்லிமீட்டர்தான். ஜப்பானில் நானோபிளாக் என்று 2008-இல் வந்த வகை இந்த அளவில்தான் இருக்கும் என்று நாத்தனார் மகன் பிறகு சொன்னான். தனியாக அடுக்கினால் அழகு. மற்றதோடு சேராது.

நான் தரையில் உட்கார்ந்து இப்படிச் சோதிப்பதைப் பார்த்து அந்தக் கொரியா அம்மாவுக்குக் கோபம் வருமோ என்று கூசினேன். அக்காவும், "போதும்மா, வா" என்று கண்ணைக் காட்டினார். ஆனால் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் சிவப்புக் கட்டையை எடுத்துத் தாமும் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தார். பிறகு அவரே பெயர் உள்ளதை ஒரு பக்கம், இல்லாததை ஒரு பக்கம், பொடியை ஒரு பக்கம் என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. முக்கால் மணி நேரத்தில் டப்பா முழுக்கப் பிரிந்துவிட்டது. சேருகிற குவியலை மட்டும் காட்டி, பர்ஸைத் திறந்து என்னிடம் இருந்த ஆயிரத்தையும் காட்டினேன். "சரி, சரி" என்று தமிழிலேயே சொன்னார்!

வீட்டுக்கு வந்ததும் கட்டைகளைக் கழுவினேன். தோழியர் ஒன்று கவனிக்கவும். கொதிநீர் ஊற்றக் கூடாது, உருக்குலைந்துவிடும். 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம் என்கிறார்கள். அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் வெதுவெதுப்புப் போதும். கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அலசி, நிழலில் துணி மேல் பரப்பி உலர்த்த வேண்டும். வெயிலில் கிடந்தால் வெள்ளைக் கட்டை மஞ்சளாகும். வாங்கும்போதே வெடிப்பு, பல் பட்ட தடம், ஒட்டுகிற பிசுக்கு, மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் வாடை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மூலை வெடித்த கட்டை பார்க்க நன்றாக இருந்தாலும் பிடிக்காது.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் சின்னக் கட்டையே வேண்டாம். அந்த வயதுக்கான பொம்மையின் எந்தத் துண்டும், சுமார் ஒன்றேகால் இஞ்ச் அகலமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுசாக அடங்கக் கூடாது என்பது விதி. தொண்டையில் சிக்கும் என்பதால்தான். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் பெட்டி இல்லாமல் பையில் வரும் பழைய கட்டையில் முத்திரையை எங்கே தேடுவது? நாம்தான் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். கலவைப் பையில் காந்தமோ பட்டன் பேட்டரி போட்ட துண்டோ கிடந்தால் உடனே எடுத்து அப்புறப்படுத்துங்கள். இரண்டுமே வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

சின்னதுகளுக்குப் பெரிய கட்டைதான் நல்லது. பெரியது எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். லெகோ கம்பெனியே 1969-இல் டூப்லோ என்று, நீளம் அகலம் உயரம் மூன்றும் இரு மடங்காக ஒன்று கொண்டுவந்தது. அதன் குமிழ் உள்ளே கூடாக இருப்பதால் சின்ன எட்டுக் குமிழ் கட்டை அதன் மேலே உட்காரும். எனவே பெரிய கட்டை கிடைத்தாலும் சாம்பிளை வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். நான் ஏமாந்து வாங்கியது அந்த அளவும் இல்லை. அதைக் கழுவித் துடைத்து எங்கள் ஊர் அங்கன்வாடிக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே குழந்தைகள் அடுக்கித் தள்ளி விளையாடுகிறார்கள். எழுநூறு ரூபாய் போனாலும் பொருள் வீண் போகவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், பாயில் காய்ந்துகொண்டிருந்த கட்டைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். பையைத் தோளில் இருந்து இறக்காமலே ஒன்றை எடுத்துத் தன் கட்டையோடு வைத்து அழுத்தினான். 'டக்'. திரும்பி என்னைப் பார்த்து, "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றான். "உன் அம்மா லைன்ல வேலை பாத்தவடா" என்றேன். அன்று ராத்திரியே பாலம் எழும்பிவிட்டது. ஒரு காலில் சிங்கப்பூர்க் கட்டை, மறு காலில் கொரியாக் கட்டை. அவன் அப்பா வந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் தெருவில் யார் பழைய பிளாக் வாங்கப் போனாலும், "உன் சாம்பிள் கட்டையைக் கொடேன்" என்று வந்து நிற்கிறார்கள். சிவப்புக் கட்டை ஒன்று என் பர்ஸில் வீட்டுச்சாவியோடு எப்போதும் கிடக்கிறது. குக்கருக்கு கேஸ்கட் வாங்கினாலும், மிக்ஸி ஜாருக்கு மூடி வாங்கினாலும் இதே கதைதானே தோழியரே? போட்டோவை நம்பாதீர்கள், பெயரை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் இருப்பதைக் கையில் எடுத்துப் போங்கள், அடியில் இருந்தும் எடுத்துப் பாருங்கள். யார் முகம் சுளித்தாலும் கூசாதீர்கள். நாம் கொடுப்பது நம் காசு.

எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

— ஓர் இல்லத்தரசி, ஒரகடம்